வராதவர்களையும் எண்ணும் படிப்பு

கொரோனாவுக்குப் பிறகு எம்.பி.ஹெச். எனப்படும் பொது சுகாதார முதுநிலைப் பட்டத்தைப் பற்றி விசாரிப்பவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். பல் மருத்துவம் முடித்தவர்கள், சித்த மருத்துவப் பட்டதாரிகள், செவிலியர்கள், புள்ளியியலோ சமூகப்பணியோ படித்தவர்கள், அரசுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர்கள் எனப் பல வாசல்கள் வழியாக ஆட்கள் வருகிறார்கள். எல்லோருக்கும் இருப்பது ஒரே கேள்விதான்: படித்தால் வேலை கிடைக்குமா?

கல்லூரிகளின் விளம்பரங்கள் இதற்கு எளிதாக 'ஆம்' சொல்லிவிடுகின்றன. என் பதில் அவ்வளவு எளிதாக வராது. எந்தக் களத்தில் நின்று படித்தீர்கள், கற்றதைக் கேட்டுச் செயல்படும் பதவி அமைப்பு உங்கள் மாநிலத்தில் இருக்கிறதா என்ற இரண்டும்தான், பட்டத்தின் பெயரைவிட அதிகமாக உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். இதை விளக்க, இந்தப் படிப்பு எதைக் கற்றுத்தருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு கல்யாண விருந்து என்று வைத்துக்கொள்வோம். 200 பேர் சாப்பிட்டார்கள். மறுநாள் 60 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த அந்த 60 பேரிடம் விசாரித்தால், 54 பேர் பால் பாயசம் சாப்பிட்டிருக்கிறார்கள். தேங்காய்ச் சட்னி சாப்பிட்டவர்கள் 48 பேர்தான். ஊர் முழுக்கப் பாயசத்தின் மேல் பழியைப் போட்டுவிடும்.

நோய்ப்பரவலியல் படித்தவர் அடுத்ததாகப் போவது, நோய் வராத 140 பேரின் வீடுகளுக்கு. அவர்களிலும் 126 பேர் பாயசம் சாப்பிட்டிருக்கிறார்கள். சட்னி சாப்பிட்டவர்கள் 28 பேர். இப்போது கணக்குப் போடுங்கள். பாயசம் சாப்பிட்ட 180 பேரில் 54 பேருக்கு நோய். அதாவது 30 சதவீதம். பாயசம் சாப்பிடாத 20 பேரில் 6 பேருக்கு நோய். அதுவும் 30 சதவீதம். பாயசத்துக்கும் நோய்க்கும் தொடர்பில்லை. சட்னி சாப்பிட்ட 76 பேரில் 48 பேருக்கு நோய், 63 சதவீதம். சாப்பிடாத 124 பேரில் 12 பேருக்குத்தான். பத்து சதவீதத்துக்கும் குறைவு. ஏறத்தாழ ஆறரை மடங்கு வித்தியாசம்.

எண்கள் நான் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. முறை, உலகெங்கும் நோய்ப்பரவல் விசாரணையில் கையாளப்படுவது. மருத்துவமனைக்குள் அமர்ந்திருப்பவருக்கு வந்தவர்கள் மட்டுமே தெரிவார்கள். வராதவர்கள், நலமாக இருப்பவர்கள், எங்கும் பதிவாகாமல் இறந்தவர்கள் ஆகியோரையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். எபிடெமியாலஜி என்ற பெரிய பெயருக்குள் இருக்கும் கரு இதுதான். இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பில் வரும் உயிர்ப்புள்ளியியல், ஆய்வு வடிவமைப்பு, மாதிரி எடுத்தல், சார்புப் பிழைகள், 'ஆர்' அல்லது 'ஸ்டேட்டா' மென்பொருள் எல்லாமே அந்தக் கணக்கைத் தவறில்லாமல் போடுவதற்கான பயிற்சிகள். பொது சுகாதாரம் என்ற பரந்த பட்டத்தில் சுகாதாரக் கொள்கை, நிதி, நிர்வாகம், சுற்றுச்சூழல், சமூக அறிவியல் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும்.

சென்னை உலகுக்குச் சொன்ன விடைகள்

இந்தத் துறையின் முக்கியமான சில பாடங்கள் நம் ஊரிலேயே எழுதப்பட்டவை. இங்கே படிக்க வரும் பல மாணவர்களுக்கே அது தெரிவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளி என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்து, ஓய்வும் நல்ல உணவும் கொடுக்க வேண்டும் என்று உலகம் நம்பிய காலம் அது. இந்தியாவில் இருந்த படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்கு எந்த மூலைக்கும் போதாது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, சென்னையின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக, யார் எதில் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்துப் பிரித்தது. ஒரு பிரிவுக்குச் சானடோரியம். மற்றொன்றுக்கு வீட்டிலேயே அதே மருந்துகள், ஓராண்டுக்கு. 1959-ல் முடிவு வெளியானது. நெரிசலான வீட்டில், போதிய உணவில்லாமல் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்தார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு நோய் தொற்றாதா என்பது. ஐந்தாண்டுகள் குடும்பத்தினரைத் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று தெரிந்தது. உலகின் பல நாடுகளில் சானடோரியங்கள் வழக்கொழிந்ததற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1968-ல், பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசிக்கான செங்கல்பட்டு பரிசோதனை தொடங்கியது. 2 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல் தடுப்பூசியோ, மருந்தில்லாத ஊசியோ போடப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்ற கசப்பான விடை வந்தது. விரும்பாத விடையையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். பதினைந்தாண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவும் 1999-ல் வந்தது. எந்த முதுநிலை வகுப்பிலும் முதல் மாதத்திலேயே இதைச் சொல்லித்தர வேண்டும் என்பேன்.

அதே 1999-ல், ஆவடியில் இருந்த தொழுநோய்க் கள அலகையும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தையும் இணைத்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) தன் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தை உருவாக்கியது. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இருக்கும் இந்த என்.ஐ.இ.தான் 2020-ல் நாட்டின் முதல் கொரோனா எதிர்ப்புப்புரத ஆய்வை ஒருங்கிணைத்தது. 70 மாவட்டங்களில் 28,000 பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்ததில், அந்த ஆண்டு மே மாத வாக்கில் 0.73 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது தெரிந்தது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் பதிவான ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னால் பதிவாகாத பல பத்துப் பேர் இருந்தார்கள் என்பதுதான் அதன் பொருள். இங்கும் வராதவர்களை எண்ணியதால்தான் உண்மை நிலவரம் புரிந்தது.

களமே வகுப்பறை

1951-ல் அமெரிக்காவில் அலெக்சாண்டர் லாங்முயர் நோய்ப் புலனாய்வுப் பணி என்ற இரண்டாண்டுப் பயிற்சியைத் தொடங்கினார். அதன் சின்னம், நடந்து நடந்து ஓட்டை விழுந்த காலணியின் அடிப்பாகம். அந்த மரபில் வந்த களப் பயிற்சித் திட்டத்தை என்.ஐ.இ. 2001-ல் சென்னையில் தொடங்கியது. சேர்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அரசுச் சுகாதாரப் பணியில் இருக்கும் மருத்துவர்கள். சில வாரங்கள் வகுப்பு, பிறகு சொந்த மாவட்டத்துக்குத் திரும்பி வேலை. தங்கள் மாவட்டத்தின் நோய்க் கண்காணிப்பு அமைப்பை மதிப்பிட வேண்டும். உண்மையான நோய்ப்பரவல் ஒன்றை விசாரிக்க வேண்டும். ஆய்வேடு எழுத வேண்டும். டெல்லியில் உள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-ல் இதைப் போன்ற இன்னொரு பயிற்சியைத் தொடங்கியது.

இப்படிப்பட்ட பயிற்சியால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது, 2022-ல் தொடங்கிய 'தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. காசநோயால் இறப்பவர்களில் பெரும்பகுதியினர், சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள். மருந்து வேலை செய்வதற்கு முன்பே உடல் கைவிட்டுவிடுகிறது. அப்படியென்றால், இறக்கும் ஆபத்தில் இருப்பவரை நோய் கண்டறிந்த அன்றே அடையாளம் காண முடியுமா? எந்த ஆய்வகமும் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடியுமா?

விடை மிக எளிமையானது. உயரமும் எடையும் பார்த்து உடல் நிறைக் குறியீட்டைக் கணக்கிடு. காலில் வீக்கம் இருக்கிறதா பார். ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று எண்ணு. விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார். பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார். இந்த ஐந்தில் வரம்பைத் தாண்டியவரை உடனே மருத்துவமனையில் சேர்த்து முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். ஊழியர்களுக்கு ஒரு தாளும், எடை பார்க்கும் கருவியும், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஆக்சிமீட்டரும் போதும். எந்த ஐந்து அறிகுறிகள், எந்த வரம்பு, யாரை விட்டுவிடும் அபாயம் எவ்வளவு என்று தேர்ந்தெடுப்பதில்தான் நோய்ப்பரவலியல் இருக்கிறது. அதை மாநிலம் முழுக்க அரசு மருத்துவமனைகளில் நடைமுறைக்குக் கொண்டுவருவதில் பொது சுகாதாரம் இருக்கிறது. என்.ஐ.இ. விஞ்ஞானிகளும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து செய்த வேலை இது. கேட்பதற்குத் துறை தயாராக இல்லாதிருந்தால், இது ஆய்விதழில் ஒரு கட்டுரையாகவே நின்றிருக்கும்.

திண்டுக்கல்லில் 2000-ல் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வும் இதே வகையைச் சேர்ந்தது. வினிகரைத் தடவி வெறும் கண்ணால் பார்க்கும் பரிசோதனையைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் செய்தார்கள். பரிசோதனை நடந்த பகுதிகளில் அந்தப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைவாக இருந்தது என 2007-ல் வெளியானது. இறப்பு குறைந்தது என்று எப்படித் தெரிந்தது? அந்த மாவட்டத்தில் புற்றுநோய்ப் பதிவேட்டை ஒருவர் ஒவ்வொரு மருத்துவமனையாக, ஒவ்வொரு இறப்புப் பதிவு அலுவலகமாக ஏறி இறங்கி நிரப்பிக்கொண்டிருந்ததால். சென்னையில் அடையாறு புற்றுநோய் மையம் நடத்தும் பதிவேடு 1980-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. பதிவேட்டு வேலை யார் கண்ணிலும் படாதது. இந்தப் படிப்பு முடித்தவர்களுக்கு ஏற்ற மிக உயர்ந்த வேலைகளில் அதுவும் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம்.

பதவி எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கெனத் தனி இயக்ககம் 1922-லிருந்து இருக்கிறது. 1939-ல் சென்னை மாகாணம் இயற்றிய பொது சுகாதாரச் சட்டம்தான் இத்துறையில் இந்தியாவின் முன்னோடி. விடுதலைக்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்கள் பொது சுகாதாரத்தையும் மருத்துவச் சேவையையும் ஒரே துறையாக்கிவிட்டன. ஒரே துறையானால் என்ன ஆகும் என்பது ஊகிக்கக்கூடியதுதான்: மருத்துவமனையின் அவசரம் எப்போதும் வெல்லும், கொசுவும் குடிநீரும் பின்வரிசைக்குப் போகும். தமிழ்நாடு இணைக்கவில்லை. இங்கே வட்டார மருத்துவ அலுவலர், மாவட்ட சுகாதார அலுவலர், மாநகர் நல அலுவலர் எனத் தனிப் பணிப்படிநிலை இருக்கிறது. அதில் மேலே செல்ல, பொது சுகாதாரப் பட்டயமோ சமூக மருத்துவ முதுநிலையோ தேவைப்படுகிறது. சுகாதார ஆய்வாளர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் அந்தப் படிநிலையின் கீழ் இயங்குகிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோர முகாம்களில் பெரிய கொள்ளைநோய் எதுவும் வெடிக்காததற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம்.

ஆக, நீங்கள் எம்.பி.பி.எஸ். படித்த அரசு மருத்துவர் என்றால் தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு ஒரு தெளிவான பாதை உண்டு. பாதை தெளிவில்லாமல் இருப்பது மற்றவர்களுக்குத்தான்.

2004-ல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தபோது மாவட்டத்துக்கு ஒரு நோய்ப்பரவலியலாளர் என்ற பதவி உருவானது. நல்ல யோசனை. ஆனால் அது பெரும்பாலும் ஒப்பந்தப் பணி. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. மாவட்டத்தின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்து ஒருவர் தேர்ச்சி பெறும் வேளையில், நிலையான வேலை தேடி வெளியேறிவிடுகிறார். புதியவர் வந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். நோய்க் கண்காணிப்பில் அனுபவத்துக்கு மாற்று கிடையாது. எந்தப் பஞ்சாயத்தில் ஜூலையில் நான்கு காய்ச்சல் வந்தால் இயல்பு, எங்கே வந்தால் எச்சரிக்கை என்பது புத்தகத்தில் இல்லை. ஒப்பந்தத்தை நம்பி நோய்க் கண்காணிப்பை நடத்துவது, நம் பொது சுகாதாரத்தின் பெரிய பலவீனம்.

2017 தேசிய சுகாதாரக் கொள்கை எல்லா மாநிலங்களிலும் பொது சுகாதார மேலாண்மைக்கான தனிப் பணிப்பிரிவு வேண்டும் என்றது. 2022 ஏப்ரலில் மத்திய அமைச்சகம் அதற்கான வழிகாட்டுதலையும் வெளியிட்டது. மருத்துவரல்லாதவர்களுக்கும் அதில் உறுதியான இடம் கிடைத்தால்தான் இன்று எம்.பி.ஹெச். வகுப்புகளை நிரப்பிக்கொண்டிருக்கும் பல் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் விடிவு.

அதுவரை அவர்களுக்கு என்ன வழி? ஆராய்ச்சித் திட்டங்களில் கள ஒருங்கிணைப்பாளர், தரவு மேலாளர், ஆய்வாளர் வேலைகள் உண்டு. தொண்டு நிறுவனங்கள் உண்டு. மருந்து நிறுவனங்களில் பக்கவிளைவுக் கண்காணிப்பு, மருந்துப் பொருளாதாரம் போன்ற பிரிவுகள் உண்டு. சம்பளம் அங்கேதான் கூடுதல். புள்ளியியலில் உண்மையான பிடி உள்ளவருக்கு எந்தக் கதவும் மூடியிருப்பதில்லை. ஆகவே மருத்துவரல்லாதவர்களுக்கு என் ஆலோசனை: பொதுவான எம்.பி.ஹெச்.-ஐவிட நோய்ப்பரவலியலையோ உயிர்ப்புள்ளியியலையோ ஆழமாகப் படியுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் உயிர்ப்புள்ளியியலுக்கெனவே முதுநிலைப் படிப்பு இருக்கிறது.

இலங்கையில் நிலைமை வேறு. 1926-ல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு தொடங்கியதிலிருந்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள் என்ற அமைப்பு நாடு முழுக்கப் பரவியது. கொழும்பில் தொற்றுநோயியல் பிரிவு 1959-லிருந்து இயங்குகிறது. மாவட்ட மட்டத்தில் பிராந்தியத் தொற்றுநோயியலாளர்கள் இருக்கிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் சமுதாய மருத்துவத்தில் முதுமாணியும் எம்.டி.யும் முடிப்பவருக்கு, அரச சேவையில் அடுத்த பதவி என்ன என்பது தெரியும். 2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைத்ததற்கு இந்த நிலைத்த கட்டமைப்பே அடித்தளம். அங்கும் உயர் பதவிகள் மருத்துவர்களுக்கே என்பது குறைதான்.

எங்கே சேர்வது?

இந்தியாவில் மிகப் பழைய நிறுவனம், 1932-ல் தொடங்கிய கொல்கத்தாவின் அகில இந்திய சுகாதார, பொது சுகாதார நிறுவனம். எம்.பி.ஹெச். பட்டத்தை 1997-ல் முதலில் கொண்டுவந்தது திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம். ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், 2006-ல் உருவான இந்தியப் பொது சுகாதார அறக்கட்டளையின் நிறுவனங்கள் என இன்று பட்டியல் நீளம். தனியார் பல்கலைக்கழகங்களையும் சேர்த்தால் இன்னும் நீளம்.

வெளிநாட்டைப் பற்றிச் சுருக்கமாக. 1899-ல் தொடங்கிய லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும், 1916-ல் நிறுவப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பொது சுகாதாரப் பள்ளியும் இத்துறையின் பெரிய பெயர்கள். பிரிட்டனில் முதுநிலை பெரும்பாலும் ஓராண்டு, அமெரிக்காவில் இரண்டு. அமெரிக்க எம்.பி.ஹெச்.-க்குப் பொதுவாகக் கைப்பணம் கட்ட வேண்டும். முனைவர் படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 2025-ல் அமெரிக்க அரசு தன் சுகாதார நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான பணியிடங்களைக் குறைத்தது. வெளிநாட்டு உதவி அமைப்பையும் கலைத்தது. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அந்தப் பணத்தில் நடந்த திட்டங்கள் பல நின்றுபோயின. வங்கிக் கடன் வாங்கிப் போக நினைப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ளாமல் முடிவெடுக்கக் கூடாது.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும், கட்டணம் கட்டும் முன் கேட்க வேண்டிய சில கேள்விகள் உண்டு. கடந்த ஆண்டு உங்கள் மாணவர்கள் எந்த நோய்ப்பரவலை நேரில் விசாரித்தார்கள்? கிராமத்திலோ குடிசைப்பகுதியிலோ தொடர்ச்சியாகக் கண்காணிக்கும் மக்கள்தொகை உங்களுக்கு இருக்கிறதா? ஆய்வேட்டுக்கான தரவை மாணவரே சேகரிப்பாரா, யாரோ சேகரித்ததை அட்டவணையாக்குவாரா? மாவட்டச் சுகாதாரத் துறையோடு ஒப்பந்தம் காகிதத்தில் இருக்கிறதா, வேலையில் இருக்கிறதா? இரண்டாண்டுக்கு முன் முடித்த ஐந்து பேருடைய தொடர்பு எண்ணைத் தருவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்கும் இடத்தில் நான் என் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன்.

இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று தெரியாதவர்கள் பணம் செலவழிக்காமலேயே பார்த்துக்கொள்ளலாம். என்.ஐ.இ. இணையவழியில் சுகாதார ஆய்வின் அடிப்படைகளையும் நோய்ப்பரவலியலையும் கற்பிக்கிறது. பாடங்களைக் கேட்கக் கட்டணம் இல்லை. முதல் சில பாடங்களிலேயே விகிதம், ஒப்பீடு, மாதிரி என்று கணக்கு ஆரம்பமாகிவிடும். அந்தக் கணக்கை ஆர்வத்தோடு போட முடிகிறவர் விண்ணப்பிக்கலாம்.